அக்காவுக்கும் அதே ரத்தம்

ஜூன் 3, திங்கள்

நகைக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரியை ஜூனில் தொடங்குகிறேன். இத்தனை நாள் இதன் மேல் காபி டபரா வைத்துக்கொண்டிருந்தேன். அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. திடீரென்று எழுத ஆசை வந்ததற்குக் காரணம், வீட்டில் எனக்குப் பேச இடம் கிடைக்காததுதான். போன வாரம் குடல்வால் ஆபரேஷன் முடிந்து என் கணவர் தில்லைநாயகம் வீட்டுக்கு வந்திருக்கிறார். திருச்சியில் உள்ள உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து போகிறார்கள். பேசுவது அவர் ஒருவர்தான்.

பேச அவருக்கு விஷயமும் இருக்கிறது. ஆபரேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது. மனிதர் எழுந்திருக்கத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை மூச்சுக்கு இயந்திரம் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவருடைய கொள்ளுத் தாத்தா வெள்ளை வேட்டியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தில்லை, உன் வேலை இன்னும் முடியல, திரும்பிப் போ" என்று அனுப்பிவைத்தாராம். முடியாத வேலை என்பது இவர் நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கும் 'எங்கள் குடும்பக் கொடி' என்ற வம்சாவளிப் புத்தகம். அதில் முதல் பக்கமே அந்தக் கொள்ளுத் தாத்தாதான். தன் புத்தகம் பாதியில் நின்றுவிடக் கூடாது என்று அவருக்கும் கவலை இருக்கத்தானே செய்யும்.

இன்று லால்குடியிலிருந்து என் நாத்தனார் குமுதவல்லி வந்திருந்தார். இவருக்கு ஒரே அக்கா. எனக்கும் அவருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. பேச்சு இல்லையே தவிர ஜாடைக்குக் குறைவில்லை. வந்ததும் நாற்காலியைப் பார்த்து, "உன்னைத் துடைக்கக்கூட இந்த வீட்டுல ஆள் இல்ல பாரு" என்றார். நான் ஃபிளாஸ்க்கைப் பார்த்து, "சொல்லாம கொள்ளாம வந்து நின்னா நான் என்ன ஜோசியம் பார்த்தா துடைச்சு வைக்க முடியும்?" என்றேன். காரணத்தை எழுதினால் இந்த டைரி போதாது. எங்கள் கிரகப்பிரவேசத்தன்று ஆரம்பித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஊராரை எல்லாம் பேசவைத்தவள் நான். சொந்த வீட்டு இணைப்பு இந்த லட்சணம்.

தாத்தா வந்த கதையைக் கேட்டு நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நானும் அன்றைக்கு முழுக்க ஐ.சி.யூ. வாசலில்தான் நின்றேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜூன் 5, புதன்

மத்தியானத் தூக்கம் இல்லாமல் இருக்கமுடியாத மனிதர், இப்போது படுத்தாலும் கண்ணை மூடுவதில்லை. ராத்திரி விளக்கை அணைக்கக் கூடாதாம். படுத்தபடியே கால் விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சின்ன வயதில் என் தொடையைக் கிள்ளுவார்கள். இவரை யார் கிள்ளுவது?

நேற்று ராத்திரி என்னை உலுக்கி, "மங்கை, தூங்கிட்டியா?" என்று கேட்டார். தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், இனிமேல் முடியாது என்றேன். அதற்கு ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் நஸ்ரீன் எங்களைத் தனியாக உட்காரவைத்தாள். சின்னப் பெண், ஆனால் பொறுமையாகச் சொல்லக் கற்றவள். அன்றைக்கு இவர் எழ நேரமானதால் சந்தேகப்பட்டு இவர் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாளாம். முடிவு வந்திருக்கிறது.

"மயக்கம் கொடுக்கிறப்போ தசையெல்லாம் தளர்றதுக்கு ஒரு ஊசி போடுவோம், தொண்டையில குழாய் விடணுமில்ல, அதுக்கு. அந்த மருந்தை ரத்தமே கொஞ்ச நேரத்துல கரைச்சிடும். சாருக்கு அதைக் கரைக்கிற சத்து ரத்தத்துல இல்ல. பிறவியிலேயே இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் அந்த மரபணு வந்திருக்கு. வியாதின்னு நினைக்காதீங்க. அந்த ஒரு ஊசி மட்டும் ஆகாது. இனிமே உங்களுக்குன்னு வேற மருந்து."

"எனக்குன்னு தனியா?" என்றார் இவர். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஆமா சார். எங்க போனாலும் இந்த அட்டையைக் காட்டணும்."

வாங்கிப் பார்த்துச் சட்டைப்பையில் நேராக நிற்கும்படி வைத்துக்கொண்டார். தையல்காரன் அளவெடுத்த மாதிரி மருந்தும் தனக்கென்று தனியாக என்றதும் அவ்வளவு பெருமிதம். அடுத்த கேள்வியில் எல்லாம் போயிற்று. டாக்டர் வேறொரு சமூகத்தின் பெயரைச் சொல்லி, "நீங்க அவங்களா? அவங்ககிட்ட இது கொஞ்சம் அதிகம், அதனால கேட்டேன். மத்தவங்களுக்கும் வரும்" என்றாள். கடைசி வாக்கியம் இவர் காதில் விழவே இல்லை. நாலு வருஷமாகக் கொடி எழுதுகிறவரிடம், கொடி பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் வந்திருக்குமோ என்று கேட்டால்?

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா சார்?"

"ஒரு அக்கா."

"அவங்களுக்கும் இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டா போதும். சொல்லிடறீங்களா?"

"பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார். இவர் அகராதியில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இந்த விஷயத்தை அக்காவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டுமாம். "அவகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள தஞ்சாவூர் வரைக்கும் போயிடும்." அது உண்மைதான். எனக்குச் சத்தியத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாததால் தைரியமாகச் செய்துகொடுத்தேன். மேலும் நாத்தனாரிடம் சொல்லமாட்டேன் என்பது எனக்கு ஒரு சிரமமா என்ன? பதினோரு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

அட்டை சட்டைப்பையிலிருந்து இறங்கி, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் போய்விட்டது. முருகனே பார்த்துக்கொள்ளட்டும் போலிருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

ஆவக்காய் போட்டேன். உப்பு தூக்கல். இவர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. அச்சகத்துக்காரர் போன் செய்தால், குளிக்கிறார் என்று சொல்லச் சொல்கிறார். அந்த அச்சகத்தைப் பொறுத்தவரை ஊரிலேயே சுத்தமான மனிதர் இவர்தான்.

ஜூன் 22, சனி

நாத்தனாரின் கணவர் வைத்தியலிங்கம் அண்ணன் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர். அந்த வீட்டில் பேச்சை ஏற்கெனவே வேறொருவர் குத்தகை எடுத்திருப்பதால் இருக்கலாம். என் கணவர் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாதே. குமுதாவுக்குப் பித்தப்பையில கல்லாம். அஞ்சாம் தேதி லால்குடியிலயே ஒரு நர்சிங்ஹோம்ல ஆபரேஷன். ஆடி பிறக்கிறதுக்குள்ள முடிச்சிடணும்னு நாள் பார்த்திருக்கா."

"எங்ககிட்ட ஏன் அண்ணே சொல்லல?"

"அவ படுத்துக் கிடக்கிறதை நீ வந்து பார்க்கக் கூடாதாம்."

அவர் நிலைமையில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த நர்சிங்ஹோமில் மூச்சு இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஜெனரேட்டர் இருக்கும்மா, கரண்ட் போனாலும் கவலையில்ல" என்றார் அண்ணன், நிம்மதியாக.

ஜூன் 23, ஞாயிறு

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று. அப்புறம், "அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. அவ இரும்பு" என்றார். இரும்புக்குப் பித்தப்பையில் கல் வருமா என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். காலையில் குளித்தவர்தான்.

ஜூன் 24, திங்கள்

டாக்டர் நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். லால்குடிக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"சார் சம்மதம் இல்லாம அவர் ரிப்போர்ட்டைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசமுடியாதும்மா. இன்னைக்கு அவர் அக்காகிட்ட சொல்வேன், நாளைக்கு இன்னொருத்தர் மாமியார்கிட்ட சொல்வேன், அப்புறம் யாரும்மா எங்களை நம்பி ரத்தம் கொடுப்பாங்க? ஆனா உங்க நாத்தனாரே வந்து எனக்குப் பாருங்கன்னு கேட்டா, அடுத்த நிமிஷம் எடுத்துடுவேன். அது அவங்க ரத்தம். யார் சம்மதமும் வேண்டாம்."

"அந்த நர்சிங்ஹோம்ல அதே ஊசியைப் போட்டா?"

"பக்கத்துல இயந்திரம் இருந்தா பொழைச்சுக்கலாம். நீங்க எப்படியாவது அவங்களை வரவைங்கம்மா" என்றாள்.

நியாயமாகத்தான் பேசுகிறாள். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டையும் போடமுடிவதில்லை. இவருடைய ரத்தம், இவருடைய ரகசியம். சரி. ஆனால் அந்த ரத்தம் இவர் மட்டும் கடையில் வாங்கிவந்ததா? அக்காவுக்கும் அதே வீட்டிலிருந்துதானே வந்தது?

எனக்கு நாத்தனார்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் இல்லாவிட்டால் நான் யாரிடம்தான் ஜாடை பேசுவது?

ஜூன் 26, புதன்

லால்குடிக்குப் பஸ் ஏறினேன். போன பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் கிடக்கும் அவர்களுடைய தூக்குவாளியைத் திருப்பிக்கொடுக்கத்தான் போனேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நாத்தனார் அடுக்களையில் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். சத்தியம் ஞாபகம் இருந்தது. அக்காவிடம் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? ஜன்னலில் அவர்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. பூனையிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"கேட்டுக்கோ பூனை. சில குடும்பத்து ரத்தத்துல ஒரு கோளாறு இருக்குமாம். மயக்க ஊசி போட்டா எழுந்திருக்கவே மாட்டாங்களாம். ஆபரேஷனுக்குப் போறவங்க முன்னாடியே ரத்தத்தைப் பார்த்துட்டுப் போறது நல்லது."

நாத்தனார் கிரைண்டரிடம் குனிந்தார். "கேட்டியா? நான் படுத்தா எழுந்திருக்கக் கூடாதாம். வீடு தேடி வந்து சொல்லியாச்சு. அதோட விட்டாங்களா, என் பொறந்த வீட்டு ரத்தம் வரைக்கும் போயாச்சு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஜாடையாகச் சொன்னது ஒன்றுகூட நல்லதற்கு இல்லை. குத்துவதற்கென்றே வைத்திருந்த பாஷையில் நல்ல சேதியைச் சொன்னால், அதுவும் குத்தத்தான் செய்யும்.

போய்க் கிரைண்டர் சுவிட்சை அணைத்தேன்.

"அண்ணி, உங்களைத்தான் சொல்றேன். பூனைகிட்ட இல்ல. உங்க தம்பிக்கு அந்த ஊசி ஒத்துக்கல. அதான் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல. உங்களுக்கும் இருக்கலாம்னு டாக்டரே சொன்னா. ரத்தப் பரிசோதனை பண்ணாம அஞ்சாம் தேதி போய்ப் படுக்காதீங்க."

நாத்தனார் மாவுக் கையோடு என்னை நேராகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணுக்கு அடியில் இவ்வளவு சுருக்கம் விழுந்திருப்பதை நான் கவனிக்கவே இல்லை. பிறகு கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"ஏங்க, அவகிட்ட கேளுங்க. என் தம்பி என்கிட்ட பொய் சொல்வானா? தாத்தா வந்து அனுப்பிவச்சாருன்னு அவன் வாயால சொன்னான். இப்ப ஊசிங்கறா, ரத்தங்கறா. அப்படி ஒண்ணு இருந்தா அவனே வந்து சொல்லட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்து, "அவனே வந்து சொல்லட்டுமாம்மா" என்றார்.

சத்தியமும் போயிற்று, காரியமும் ஆகவில்லை. தூக்குவாளியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 27, வியாழன்

காலையில் இவர் தும்மினார். ஒரு தும்மல்தான். மிளகு ரசம் வைத்தேன், தலைக்கு நல்லெண்ணெய் வைத்தேன், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "என்ன இன்னைக்கு இவ்வளவு கவனிப்பு?" என்று கேட்டார். சத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை மறுபடியும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

முருகன் படத்தைத் துடைக்க எடுத்தேன். அட்டை பின்னால்தான் இருந்தது. போனில் ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினால் தீர்ந்தது. போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். இவர் அடுத்த அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், கட்டிலில் கண் திறந்தபடி படுத்திருந்தார். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வாயால் சொன்னது வேறு. இவர் உடம்பைப் பற்றி எழுதிய ஒன்றை இவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 3, புதன்

பத்து மணிக்குப் பீன்ஸைப் பேப்பரில் கொட்டி இவரை நறுக்கச் சொன்னேன். கையில் கத்தி இருந்தால் எழுந்து குளிக்கப் போகமாட்டார்.

"சத்தியத்தை மீறிட்டேன். லால்குடி போய் அண்ணிகிட்ட சொன்னேன்."

"தெரியும். அத்தான் போன் பண்ணினாரு."

கோபமே இல்லை. அதனால் எனக்குத்தான் கோபம் வந்தது. "உங்க கொடி நாளைக்கு மறுநாள் ஆபரேஷன் மேஜையில போய்ப் படுக்கப்போவுது. நீங்க பரம்பரைப் பெருமையைக் கட்டிக்கிட்டு அழுவுங்க. யாரோட கொடி யார் வேலியில படர்ந்துச்சுன்னு..."

"கொடியாவது ஒண்ணாவது" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தார். அப்புறம் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு எனக்கு முழிப்பு வந்துடுச்சு மங்கை. அவங்களுக்குத் தெரியல. கண்ணைத் திறக்கப் பார்க்கிறேன், முடியல. விரலை ஆட்டப் பார்க்கிறேன், ஆடல. மூச்சுகூட நான் விடல, அதுவா போய் வந்துக்கிட்டிருக்கு. பக்கத்துல ரெண்டு பேரு மத்தியானத்துக்குப் புளிசாதமா தயிர்சாதமான்னு பேசிக்கிட்டிருந்தாங்க. சரி, செத்துட்டோம், செத்தா காது மட்டும் கேக்கும் போலன்னு நினைச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் யாரோ கவனிச்சு மறுபடியும் தூங்க வச்சாங்க."

"அப்ப தாத்தா?"

"எழுந்ததும் எல்லாரும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. இதையா சொல்லமுடியும்? வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நல்லாயிருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் அங்க போகணுமே."

அக்காவுக்கும் அப்படி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து இவருக்கு அக்காவை நினைக்கவே பயமாக இருந்திருக்கிறது. நினைக்காமல் இருந்தால் நடக்காது என்று இருந்திருக்கிறார். நான் ஒரு மாதமாக இவருடைய பரம்பரைப் பெருமையைக் கிண்டல் செய்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கால் விரலைக்கூட விடவில்லை. இந்த வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அழுதேன். மீதிப் பீன்ஸை அவர்தான் நறுக்கினார். நார் எடுக்கவில்லை. பொரியலைச் சாப்பிடும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

இரண்டு பேரும் லால்குடி போனோம். அட்டையை முருகனுக்குப் பின்னாலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

நாத்தனார் நாளைக்கு எடுத்துப்போக வேண்டிய பையில் நைட்டியும் சோப்பும் வைத்துக்கொண்டிருந்தார். இவர் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னார். கண் திறக்காதது, விரல் ஆடாதது, எல்லாம். நாத்தனார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப தாத்தா வரலையாடா?"

"வரலக்கா."

"யாருமே வரலையா?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் வரல. மங்கை மட்டும் வெளியில நின்னு எல்லாரையும் திட்டிக்கிட்டிருந்தா. கதவுக்கு இந்தப் பக்கம் நல்லாக் கேட்டுச்சு. டாக்டரைத் திட்டினா, வாட்ச்மேனைத் திட்டினா, அப்புறம் என்னைத் திட்டினா. சொல்லாம கொள்ளாம போயிடுவியான்னு. அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். பானைப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பூனை ஜன்னலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது நாத்தனார் பையிலிருந்த நைட்டியை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நாளைக்கு வரலைன்னு அந்த டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க" என்றார் அண்ணனிடம்.

ஜூலை 5, வெள்ளி

டாக்டர் நஸ்ரீனிடம் நாத்தனாரைக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்த பையனிடம், "எல்லாத்தையும் எடுத்துடாதே, எனக்கும் கொஞ்சம் வேணும்" என்றார். பயம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஜூலை 11, வியாழன்

அவருக்கும் இருக்கிறது. தம்பிக்கு எப்படியோ அப்படியே.

டாக்டர் சொன்னபோது நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப எனக்கும் தனி மருந்துதானே?" என்று கேட்டார். அக்கா தம்பி என்பதற்கு மரபணுப் பரிசோதனை வேறு எதற்கு? பெரிய ஆஸ்பத்திரியிலேயே பதினைந்தாம் தேதி ஆபரேஷன், டாக்டர் நஸ்ரீனே மயக்கம் கொடுப்பாள்.

சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்தபடியே நாத்தனார் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார். தஞ்சாவூர் வரைக்கும் போகும் என்று இவர் பயந்தது பொய்யில்லை, கும்பகோணத்தையும் தாண்டிவிட்டது. பெரும்பாலும் நன்றி சொன்னார்கள். சித்தப்பா மகன் ஒருவர் மட்டும் கத்தினார். அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். "ரத்தத்துல கோளாறுன்னு வெளியில தெரிஞ்சா யாரு வருவாங்க? கல்யாணம் முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றார். அவர் சொல்வதும் காதில் ஏறத்தான் செய்தது. கோளாறு என்ற சொல்லை நானே பூனையிடம் சொன்னவள்தானே.

இவர் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார், ஒரு மாதத்துக்குப் பிறகு. கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு போடலாமா என்று கேட்டார். இந்தக் கொடியில் வந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள் என்று. ஆனால் யார் யாருக்கு இருக்கிறது என்று பெயர் போட்டால் அந்தப் பெண் பாவம், போடாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

"வேற யார் பேரும் வேண்டாம்" என்றார் நாத்தனார். "என் பேரைப் போடுடா. எனக்கு என்ன, இனிமே வரனா பார்க்கப்போறாங்க?"

இவர் பேனாவை எடுத்தார். "என் பேரும் போடறேன்க்கா. தனியா நீ மட்டும் எதுக்கு?"

ஜூலை 15, திங்கள்

நாத்தனாரை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். வளையல், தோடு எல்லாம் கழற்றி, பச்சை அங்கியில் பாதியாக இருந்தார். அட்டை நகலைத் தலைமாட்டில் ஒட்டியிருந்தார்கள். டாக்டர் நஸ்ரீன் வந்து இரண்டு தரம் சொல்லிவிட்டாள், வேறு மருந்துதான், நானே பக்கத்தில் இருப்பேன் என்று. நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாரே தவிர, கண் எங்கேயோ இருந்தது.

கதவருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணனைக் கையால் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மங்கை."

பதினோரு வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து என் பெயர்.

"சொல்லுங்க அண்ணி."

"வெளியில நின்னு திட்டிக்கிட்டே இரு. நிறுத்திடாதே. எனக்குக் கேக்கணும்."

வண்டி உள்ளே போய்விட்டது. கதவு மூடிக்கொண்டது.

கிரகப்பிரவேசத்திலிருந்து ஆரம்பித்தேன். ஜாடை இல்லை, பூனை இல்லை, ஃபிளாஸ்க் இல்லை. அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டினேன். வருஷவாரியாக வந்தேன். கல்யாணங்கள், காதுகுத்துகள், ஒரு தீபாவளி விடாமல். வாட்ச்மேன் வந்தார். வேறு நோயாளிகளுக்குத் தொந்தரவு என்றார். இவர் எழுந்துபோய் அவரிடம், "சார், தயவுசெஞ்சு அவங்களை நிறுத்தச் சொல்லாதீங்க, அது மருந்து" என்றார். வாட்ச்மேன் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாதிக் கதையில் விட்டுப் போக அவருக்கும் மனசில்லை போலிருக்கிறது. நடுவில் தொண்டை கட்டியபோது அண்ணன் தண்ணீர் கொடுத்தார். நான் மறந்துபோன ஒரு சண்டையைக்கூட எடுத்துக்கொடுத்தார்.

போன வருஷம் வரைக்கும் வந்துவிட்டேன். இனி என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது கதவு திறந்தது. நர்ஸ் வந்தாள்.

"பேஷன்ட் நல்லா முழிச்சிட்டாங்க. நீங்கதான் மங்கையா? உங்களுக்கு அப்பவே பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. எங்களால முடியல, நீங்களே வந்து கேட்டுக்கோங்க."

உள்ளே போனேன். குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். முக்கால்வாசி பொய். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை.